தவக்காலத்து டிராகன்

ஐம்பதை நெருங்கும் ஒருவனுக்கு டிராகனாக இருக்க ஆசை வந்தால் அதை வீட்டில் சொல்லக்கூடாது. நான் சொன்னேன். சட்டி கழுவிக்கொண்டிருந்த மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல், "மொதல்ல அந்த கேஸ் சிலிண்டர மாத்துங்க" என்றாள்.

எனக்கு அந்த வேலையென்றால் பயம் என்பது அவளுக்குத் தெரியும். ரெகுலேட்டரைப் பூட்டிவிட்டு முற்றத்துக்கு ஓடி, மதிலோரம் நின்றுகொண்டுதான், "இப்ப பத்த வை" என்று குரல் கொடுப்பேன். அவள் பற்ற வைப்பாள். ஒன்றும் வெடிக்காது. நான் ஏதோ செடியைப் பார்க்கப் போனவனைப் போல உள்ளே வருவேன். வாயால் நெருப்புக் கக்கும் பிராணியாக மாற விரும்பியவனின் அடிப்படைத் தகுதி இவ்வளவுதான்.

விஷயத்தை விளக்கிவிடுகிறேன். ஞாயிறு பின்னேரங்களில் கண்டி டவுனில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் நாங்கள் நாலு பேர் கூடுகிறோம். நோயாளிகள் காத்திருக்கும் கதிரைகளை வட்டமாக இழுத்துப் போட்டு ஒரு விளையாட்டு விளையாடுகிறோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இருப்போம். "காட்டுக்குள்ளே ஒரு கோட்டை தெரியுது, என்ன செய்யப் போறியள்?" என்று அவர் கேட்பார். நாங்கள் சொல்வோம். சொன்னது பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை தீர்மானிக்கும்.

கதையை நடத்துவது பல் வைத்தியர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வேலை மாற்றலாகி வந்து இங்கேயே நின்றுவிட்ட பெண்மணி. அவரோடு வாக்குவாதம் செய்ய எங்களில் யாருக்கும் துணிவில்லை. பக்கத்து அறையில் பல் பிடுங்கும் கருவிகள் எல்லாம் வரிசையாகக் கிடக்கின்றன. மற்ற இருவரில் ஒருவர் கட்டுகஸ்தோட்டையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், எங்களுக்கு நானா. கடையில் ஒரு ஆணி குறைந்துவிட்டாலும் ஆளைத் திரும்பக் கூப்பிட்டுக் கொடுக்கிற மனிதர், விளையாட்டில் திருடன். இன்னொருவர் கலகெதரையிலிருந்து பஸ் ஏறி வரும் கணித டீச்சர். அவருடைய பாத்திரம் மந்திரக்காரி. நான் பகலில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் எழுதுவினைஞன். மனிதருக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்பதை நாள் முழுவதும் தட்டச்சு செய்கிறவன், அதனால் எல்லா ஆபத்தும் எனக்கு நினைவிருக்கும்.

டிராகனுக்கு முன்னால் நான் ஒரு போர்வீரனாக இருந்தேன். அவன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு எதிரியைத்தான் கொன்றான், அதுவும் ஓடும்போது மோதி. "அண்ணே, ஒங்க வீரன் வாள எதுக்கு வச்சிருக்கான்?" என்று டீச்சர் ஒருமுறை கேட்டார். ஓடுவதற்குப் பாரமாக இருக்கிறது என்று அதை அவன் எப்போதோ எறிந்துவிட்டிருந்தான். அது எனக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வாரத்தில் ஒரு பின்னேரமாவது எதற்கும் பயப்படாத ஏதோ ஒன்றாக இருந்து பார்க்க வேண்டும் என்றிருந்தது எனக்கு. டிராகன் பாத்திரத்தைக் கேட்டேன்.

"டிராகன் வந்தா நாங்க எதுக்கு?" என்றார் டீச்சர். "எல்லாத்தையும் நீங்களே எரிச்சிருவீங்க. நாங்க பக்கத்துல நின்னு கை தட்டணும்."

நியாயமான கேள்விதான். டொக்டர் பல நாள் யோசித்து ஒரு டிராகனைச் செய்து தந்தார். மற்றவர்களுக்குச் சமமாக இருக்கும்படி எல்லாப் பக்கமும் வெட்டிய டிராகன். உடம்பு ஒரு பசுமாட்டின் அளவு. செட்டை உண்டு, ஆனால் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மிதக்கலாம், மேலே ஏற முடியாது. மலையில் ஏறும்போது என்னையும் தள்ளிவிட ஆள் வேண்டும். நெருப்பு வர வேண்டுமானால் இறைச்சி தின்ன வேண்டும். ஒரு ஆட்டுக்கு ஒரு ஊதல். இந்த டிராகன் உயிர்த்த ஞாயிறு, அதாவது ஈஸ்டர், வரைக்கும் பரீட்சையில் இருக்கும், மறுநாள் வாக்கெடுப்பு. மற்ற மூவரில் ஒருவர் மறுத்தாலும் டிராகன் போய்விடும், வாளில்லாத வீரன் திரும்பி வருவான்.

முதல் சில ஞாயிறுகள் எப்படிப் போயின என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு விடுதியில் தங்குகிறோம் என்று டொக்டர் தொடங்கிய நேரம் பார்த்து கிளினிக்கின் தகரக் கூரையில் ஒரு குரங்கு குதித்தது. நான் கதிரையிலிருந்து எழும்பி, "ஊதுறேன்! ஊதுறேன்!" என்று கத்திப் பகடையை உருட்டிவிட்டேன். பதினெட்டு விழுந்தது. விடுதி எரிந்தது. விடுதிக்காரன் சூப் கொண்டு வந்துகொண்டிருந்தான், பாவம். இன்னொரு தடவை எதிரிப் படை வருகிறது என்று நினைத்து ஒரு கலியாண ஊர்வலத்தை ஊதினேன். நெருப்பு இருக்கிறவனுக்குப் பயம் போகும் என்று நினைத்தது தப்பு. பயம் போகவில்லை, அதற்கு ஆயுதம் கிடைத்திருந்தது, அவ்வளவுதான்.

சண்டை தொடங்கும், நான் பதறி ஊதுவேன், சண்டை முடிந்துவிடும். டீச்சர் கைப்பையிலிருந்து பிள்ளைகளின் விடைத்தாள்களை எடுத்துத் திருத்தத் தொடங்கினார்.

நானா பொறுத்துப் பார்த்தார். கடைசியில் ஒருநாள் படியிறங்கும்போது, "தம்பி, நான் ஞாயித்துக்கெழமெ கடைய மூடிட்டு வாறது ஆட்டுக் கயித்தப் புடிக்கவா?" என்று கேட்டார். என் டிராகனுக்கான ஆடுகளை அவருடைய திருடன்தான் இழுத்துக்கொண்டு வந்தான். கதையில் அவனுக்கு வேறு வேலையே இல்லாமல் போயிருந்தது. வாக்கெடுப்பில் எனக்கு என்ன நடக்கும் என்பது அந்தப் படியிலேயே தெரிந்துவிட்டது.

இந்த நிலைமையில் தவக்காலம் வந்தது.

எங்கள் மேசையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஆள் எதை விலக்கியிருக்கிறாரோ அதை அவருடைய பாத்திரமும் விலக்க வேண்டும். நோன்பு மாதத்தில் நானா தாமே கேட்டு வாங்கிக்கொண்ட விதி அது. வெறும் வயிற்றோடு உட்கார்ந்து, "என் திருடன் கோழிப் பொரியல் தின்கிறான்" என்று சொல்ல வாய் வராது என்றார். டீச்சர் வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி, அதனால் கதைக்குள் வெள்ளிக்கிழமை வந்தால் அவருடைய மந்திரக்காரிக்கும் மரக்கறி மட்டும்தான். டிராகனுக்கு நெருப்பை இறைச்சியில் வைத்தபோது இந்த விதி யாருக்கும் நினைவில் இல்லை. நாலு படித்த மூளைகள் சுற்றியிருந்து சமநிலை பார்த்தோம். உயிர்த்த ஞாயிறை நாள் குறித்தும், அதற்கு முன்னால் இறைச்சியை விலக்கும் தவக்காலம் என்று ஒன்று வரும் என்பதைக் கத்தோலிக்கனான நானே யோசிக்கவில்லை. அந்த வருடம் நானாவின் நோன்பும், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. என் மனைவி வீட்டில் இறைச்சிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு டொக்டர் மெதுவாகக் கேட்டார்: "நீங்கள் இப்ப இறைச்சி சாப்பிடுறியளோ?"

"நான் சாப்புடல டொக்டர். ஆனா டிராகன் கத்தோலிக்கன் இல்லையே."

நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, "அப்ப என்ட திருடன் மட்டும் பள்ளிவாசலுக்குப் போறவனா?" என்றார். "வருசா வருசம் நோம்பு புடிக்கான் அவன். போன முற ராசாட கலியாணத்தில எல்லாரும் புரியாணி திங்கக்குள்ள தூணுக்குப் பின்னால நின்டுக்கிட்டு இருந்தான். மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அந்தப் புரியாணியை விவரித்தவனே நான்தான், கொஞ்சம் விரிவாக.

"விதி விதிதான்" என்றார் டொக்டர். "தவக்காலம் முடியுமட்டும் நெருப்பில்லை. நீங்கள் ஒரு துண்டு இறைச்சி வாயிலை வைச்சால் டிராகனுக்கும் நெருப்பு வரும்."

ஆகவே, நெருப்பில்லாத, பறக்கத் தெரியாத, கீரை தின்கிற, பசுமாட்டின் அளவிலான ஒரு பிராணியாக நான் அந்தக் கதைக்குள் நடந்தேன். டொக்டர் இரக்கமே பார்க்கவில்லை. அன்றைக்கே எங்களை ஒரு பாலத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தப் பக்கம் கூலிப்படை, இந்தப் பக்கம் ஆறு.

"டிராகன் என்ன செய்யுது?"

சுவரில் மாட்டியிருந்த கடைவாய்ப் பல் படத்தைப் பார்த்தேன், அதுவும் உதவவில்லை. "டிராகன்... திருடனுக்குப் பின்னால போய் நிக்குது."

"மாட்டளவு சாமான் எனக்குப் பின்னால எப்பிடித் தம்பி நிக்கும்?"

"குனிஞ்சு."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல வாரங்களுக்குப் பிறகு அவர் விடைத்தாளைக் கீழே வைத்தார். "அண்ணே, அவனுங்களுக்கு ஒங்ககிட்ட நெருப்பு இல்லன்னு தெரியாதுல்ல?"

"தெரியாது."

"அப்ப வாயத் தொறங்க. நான் மந்திர வெளக்க உள்ள வைக்கிறேன்."

அவருடைய மந்திரக்காரி டிராகனின் வாய்க்குள் ஒரு வெளிச்சத்தை ஏற்றினாள். நானாவின் திருடன், பசியில் கால் தள்ளாடினாலும், பாலத்துக்கு அடியில் ஊர்ந்துபோய் ஈரச் சருகைப் பற்ற வைத்துப் புகை எழுப்பினான். மிச்சம் என் பங்கு. வாயைத் திறந்து முன்னால் நடப்பதாகச் சொன்னேன். டிராகனுக்குப் பயமாக இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். இருக்கிறது, தாடை நடுங்குகிறது என்றேன். உண்மையில் நடுங்கியது என்னுடையதுதான்.

"அப்ப வெளிச்சமும் ஆடும்" என்றார் டீச்சர். "நெருப்பு மாதிரியே இருக்கும். டொக்டர், அதுக்கு ரெண்டு புள்ளி கூட்டிக் குடுங்க."

டொக்டர் கூட்டிக் கொடுத்தார். பகடையில் பதினொன்று விழுந்தது, அந்த இரண்டையும் சேர்த்து மட்டுமட்டாகப் போதும். கூலிப்படை ஓடியது. நானா தொடையில் அடித்துச் சிரித்த சிரிப்பில் மேசையிலிருந்த பகடைகள் உருண்டன. கிளினிக் வைத்த நாளிலிருந்து அங்கே யாரும் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள்.

அடுத்த ஞாயிறு பொழுது பட்டதும் நோன்பு திறக்க நானா பிளாஸ்க்கைத் திறந்தார். நோன்புக் கஞ்சியில் இறைச்சி போடுவார்கள் என்று நான் கையைப் பின்னால் இழுத்தேன். அவர் பையிலிருந்து இன்னொரு சின்னப் பிளாஸ்க்கை எடுத்து என் முன்னால் வைத்தார். "ஒங்கட டிராகனுக்கு வேற காச்சினது. இறச்சி இல்ல. குடிங்க."

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளைப் போல நாங்கள் என்றைக்கும் விளையாடியதில்லை. மழையில் என் செட்டை எல்லோருக்கும் கூடாரமானது. ஒருமுறை என்னைப் பசுமாடு என்று விற்று ஒரு கோட்டைக்குள் நுழைந்தோம். விலை பேசியது நானா. என்னுடைய பல்லைக் காட்டி, நல்ல இளம் மாடு என்றார். ஒவ்வொரு முறையும் நான் பதறினேன், ஒவ்வொரு முறையும் அந்தப் பதற்றத்தை வைத்து யாராவது ஏதாவது செய்தார்கள்.

குருத்து ஞாயிறன்று டீச்சர் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டே சொன்னார்: "அண்ணே, இந்த டிராகனுக்கு என் ஓட்டு இருக்கு. நெருப்பு வந்திச்சின்னா இல்ல."

நானாவும் தலையாட்டினார்.

"நெருப்பைக் குடுத்தது நான். குடுத்ததைத் திருப்பிப் பறிக்கேலாது" என்றார் டொக்டர். "இனி இறைச்சி தின்னுறதோ இல்லையோ எண்டு நீங்கள்தான் யோசிக்க வேணும்."

அப்படித்தான் நான் உயிர்த்த ஞாயிறு மத்தியானம் நாவலப்பிட்டியில் மாமியார் வீட்டில் ஒரு கோப்பைச் சோற்றுக்கு முன்னால் வியர்த்துக்கொண்டிருந்தேன். தவக்காலம் முழுவதும் காத்திருந்த குடும்பம். பன்றிக்கறி ஒரு சட்டி, ஆட்டுக்கறி ஒரு சட்டி. மிளகு வாசம் கூடத்தைத் தாண்டி ரயில் பாதை வரைக்கும் போயிருக்கும். அங்கே என்னைப் பார்த்து டொக்டரிடம் சொல்ல ஒருவரும் இல்லை. ஒரு துண்டு தின்றால் யாருக்குத் தெரியும்? ஆனால் தூணுக்குப் பின்னால் நின்ற அந்தத் திருடனையும் யாரும் காவல் காக்கவில்லையே. நான் பருப்பை எடுத்து ஊற்றிக்கொண்டேன்.

"என்னா மாப்புள, கறி எடுக்கல?" என்றார் மாமியார்.

"வேணாங்க அத்தை."

மாமனார் என் முகத்தைப் பார்த்தார். மைத்துனன் மெதுவாக, "மச்சான், டொக்டர் ஏதும் சொன்னாரா?" என்று கேட்டான். ஆமாம் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். என்ன நோய், எத்தனை நாளாக, கொழும்புக்குப் போக வேண்டுமா என்று எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். மாமியாரின் கண் கலங்கியே விட்டது. எனக்கும் ஒரு நிமிடம் நெஞ்சு வலிப்பதுபோல இருந்தது.

என் மனைவி ஒரு எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "அவருக்கு ஒண்ணும் இல்லம்மா. அவரு டிராகன். கறி சாப்புட்டா வெளயாட்டுல சேக்க மாட்டாங்க."

மாமனார் என் பங்கையும் தன் கோப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பின்னேரம் வாக்கெடுப்பு. இறைச்சி தொடவில்லை என்று சொன்னேன். நானா நம்பவில்லை.

"ஈஸ்டருக்குக் கறி திங்காத ஆள நான் கண்டதில்ல தம்பி. அதும் நாவலப்பிட்டில."

"சோதிச்சுப் பாக்கலாம்" என்றார் டொக்டர். அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அவர் பக்கத்து அறைக் கதவைத் திறந்து பெரிய விளக்கைப் போட்டார்.

நான் ஞாயிறுதோறும் அந்தக் கிளினிக்குக்குப் போகிறவன், ஆனால் அந்தக் கதிரையில் ஏறியதே இல்லை. அது பின்னால் சாய்ந்தபோது என் கால்கள் தானாக மேலே எழுந்தன. ஒரு கையை நானா பிடித்துக்கொண்டார், ஆறுதலுக்கா தப்பி ஓடாமல் இருக்கவா தெரியவில்லை. டீச்சர் தலைமாட்டில் நின்று எட்டிப் பார்த்தார்.

"ஆவெண்டுங்கோ. இன்னும் பெரிசாய்." சின்னக் கண்ணாடி பல்லுப் பல்லாக நகர்ந்தது. "இறைச்சி ஒண்டும் இல்லை. கீரை இருக்கு."

"அப்ப சரி" என்று நானா கையைத் தூக்கினார். டீச்சரும் தூக்கினார். டொக்டர் கண்ணாடியைப் பிடித்தபடியே மற்றக் கையை உயர்த்தினார். டிராகன் நிலைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தை நான் அனுபவிப்பதற்குள், "மேல் கடைவாய்ப் பல்லிலை ஒரு ஓட்டை. வந்ததுதான் வந்தியள், அடைச்சு விடுறன்" என்று அவர் எதையோ எடுத்தார். அது சுழலத் தொடங்கியது.

நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

"உங்களுக்கு இதிலை வோட் இல்லை" என்றார் டொக்டர். "கையை இறக்குங்கோ."