அந்தோனியாரின் காலடியில் குளிசை

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் ஏழு பேரில் ஒருவரையும் பசியோடு படுக்க விட்டதில்லை. ஆகவே மெதுவாகச் சொன்னாலும் வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் கடைக்குட்டி குருநகரில் கடல்தொழில் செய்கிறவன். ஒரே படகில் போய்வந்த கூட்டாளியைக் கடல் எடுத்த பிறகு அவன் தொழிலுக்குப் போகவில்லை. போர்வையைத் தலை மூட இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தான். பள்ளிக்கூடம் போகும் மகள் கூப்பிட்டாலும் திரும்பமாட்டான். இவன் ஒருக்கால் சிரித்தால் போதும் என்று அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய்க்கிழமை நவநாள் செபம் நேர்ந்தேன்.

மருமகள் வேறு மாதிரி. "மாமி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்" என்று பிடிவாதமாக நின்றாள். மனநோய்க்குப் பார்க்கும் இடமாம். எங்கள் பரம்பரையில் விசர் இல்லை என்று கத்தினேன். ஆனாலும் போனோம். ஓட்டோவில் ஏறும்போது முன்வீட்டுக்காரி, "எங்கையக்கா போறியள்?" என்றாள்.

"பல்லுப் புடுங்க" என்றேன்.

டொக்டர் பிள்ளை தங்கமான பிள்ளை. "இதுவும் காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தந்தான் அம்மா. ஒவ்வொரு நாளும் விடாமல் குடுங்கோ, கொஞ்சம் கொஞ்சமாச் சுகம் வரும்" என்று சொல்லிக் குளிசைப் பக்கற் ஒன்று தந்தார்.

எங்கள் வீட்டில் புது வலை வாங்கினாலும் முதலில் அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் வைத்துத்தான் கடலுக்குக் கொண்டுபோவது. குளிசைக்கு மட்டும் வேறு சட்டமா? நவநாள் முடியும்வரை அங்கேயே இருக்கட்டும், ஆசீர்வாதம் நன்றாக ஊறட்டும் என்று வைத்துவிட்டேன். மருமகள் கேட்டபோது, "அது என்ரை பொறுப்பு" என்று வாயை அடைத்தேன்.

முன்வீட்டுக்காரி விடவில்லை. "இன்னும் பல்லுச் சரிவரேல்லையோ? உவன்ரை வாயிலை எத்தினை பல்லக்கா இருக்கு?"

பொறுக்கமாட்டாமல் பங்குச் சுவாமியைக் கூப்பிட்டேன். பிசாசு ஏதும் பிடித்திருந்தால் சத்தம்போட்டு விரட்டுவார் என்று நினைத்தேன். அவரோ கட்டிலருகே இருந்து, அவன் முதுகில் கைவைத்து, மெதுவாகச் செபித்தார். எழும்பும்போது சுரூபத்தைக் கண்டார். காலடியில் குளிசைப் பக்கற். பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர்.

"அந்தோனியாருக்கு என்னம்மா வருத்தம்?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் போர்வைக்குள் ஒரு சத்தம். இருமல் என்றுதான் நினைத்தேன். இல்லை, சிரிப்பு. என் பிள்ளையின் சிரிப்பு. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

"நவநாள் இன்னும் முடியேல்லைச் சுவாமி" என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அதை நான் அவரோடை கதைக்கிறன். நீங்கள் குளிசையைப் பிள்ளைக்குக் குடுங்கோ. செபத்தையும் விடவேண்டாம், குளிசையையும் விடவேண்டாம்."

ஒரு சிரிப்பில் சுகம் வந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அடுத்த நாளும் சுவர்ப்பக்கந்தான் கிடந்தான். குளிசை குடிக்கத் தொடங்கி, மெல்ல மெல்லத்தான் எழும்பினான். முதலில் தானாகக் குளித்தான். பிறகு கரையில் போய் இருந்தான். இப்போது தொழிலுக்கும் போகிறான். இன்றும் குளிசையைச் சுரூபத்துக்கு ஒருக்கால் காட்டிவிட்டுத்தான் கொடுப்பேன். அவன் கையை நீட்டுவான்: "அவர் குடிச்சு முடிஞ்சுதோ அம்மா? இனி எனக்குத் தாங்கோ."

போன கிழமை முன்வீட்டுக்காரி வேலியோரம் வந்தாள். புருஷன் நித்திரை இல்லாமல், சாப்பாடும் இல்லாமல் இருக்கிறாராம். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அக்கா, அந்தப் பல்லு டொக்டரிட்டை எப்பிடிப் போறது?"

"பல்லில்லையடி, மனசு" என்றேன், தெருவுக்கே கேட்க. அப்படிச் சொன்ன பிறகு எழுதவும் துணிவு வந்துவிட்டது.

இஞ்சை வா என்ரை பேத்திப்பிள்ளை, இதை ஒருக்கா வாசி பாப்பம். உன்ரை கொப்பர் முற்றத்திலை இருந்து கிழிஞ்ச வலை பொத்துறார், அவருக்கும் கேக்கச் சத்தமா வாசி. அவர் சிரிச்ச இடத்தை மட்டும் ஆறுதலா, மெதுவா வாசி.