சாக்கில் வந்த ராட்டை

பெரம்பூர் பெரியம்மா இறந்து, பெரியப்பா வேறு கல்யாணம் கட்டிக்கொண்ட வருஷம், அவர் மகள் எங்கள் ராயபுரம் வீட்டுக்கு லீவுக்கு வந்தாள். லீவு முடிந்தும் போகவில்லை. என்னைவிட ஒரே வயது மூத்தவள். அதற்காக நான் அக்கா என்று கூப்பிட வேண்டுமாம். அந்த வயிற்றெரிச்சல் போதாதென்று ஒரு சாக்கும் வந்து சேர்ந்தது.

மாதா கோயில் சாமியாருக்கு வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய பழைய ராட்டை, கப்பலிலேயே துண்டு துண்டாகக் கழன்றுவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ரிப்பேர் பார்க்கும் என் நைனாவிடம், பூட்டித் தரச்சொல்லிச் சாக்கோடு கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் நாங்கள் கண்டது தக்ளியும் கைராட்டையும்தான். இது வேறு ரகம். கடைசல் பிடித்த கால்கள், இரட்டைப் பள்ளம் ஓடிய சக்கரம், மிதிப்பலகை, லாடம்போல் வளைந்து இரண்டு பக்கமும் கம்பிக் கொக்கி வைத்த ஒரு கட்டை. உச்சியில் கூண்டாக விரிந்த கம்பு ஒன்றை அம்மா மெழுகுவத்தித் தண்டு என்று முடிவுசெய்து, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, பூச்சரம் சுற்றி, ஜெபமாலையும் மாட்டிவிட்டாள். கொக்கிக் கட்டை தலைவாரும் சீப்பு என்றேன் நான். நைனா விழுந்து விழுந்து சிரித்தார்.

அக்கா மட்டும் ஒவ்வொரு துண்டாக விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"தேஞ்ச எடத்த பாருங்க சித்தப்பா. இந்தப் பலகைல காலு பட்டு பட்டு வழவழன்னு கீது. கொக்கில நூலு அறுத்த தடம் கீது. இதுல பூந்துதான் நூலு சுத்துற உருளைக்குப் போவும்."

பிறகு மாதா பக்கம் பார்த்து, தயங்கித் தயங்கி, "சித்தி, அது மெழுகுவத்திக்கு இல்ல. பஞ்சு சுத்தி வெக்கிற கம்பு" என்றாள். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு ஜெபமாலையைக் கழற்றினாள்.

"இன்னா மூள இதுக்கு!" என்று நைனா அவள் தலையைத் தட்டினார். என் தலையை அவர் அப்படித் தட்டியதே இல்லை. அன்று முதல் வேலை விட்டு வந்ததும் அவளைத்தான் கூப்பிட்டார். இருவரும் சாக்கைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பூட்டுவார்கள். பொறாமையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாமியார் வந்து பார்ப்பதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலை, கடைசியாகப் பூட்ட எடுத்துவைத்திருந்த அந்தக் கொக்கிக் கட்டையை வெந்நீர் அடுப்பில் செருகினேன். நல்ல காய்ந்த மரம். சடசடவென்று எரிந்தது.

பூசை முடிந்து சாமியார் வந்து உட்கார்ந்தார். சக்கரம் சுற்றியது, மிதிப்பலகை ஏறி இறங்கியது, நூல் போக வழியில்லை. நைனா வீட்டையே புரட்டினார். "எவ எட்த்தது?"

அடுப்புச் சாம்பல் அள்ளுவது அக்காவின் வேலை. கொல்லையிலிருந்து கரிக்கையோடு வந்தவள், எனக்கு மட்டும் தெரியும்படி உள்ளங்கையை விரித்தாள். கறுத்துப்போன நாலைந்து கொக்கிகள். நான் கதவுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"நான்தான் சித்தப்பா. வெறகுன்னு நெனச்சி அடுப்புல வெச்சிட்டேன்."

"அத்தினியும் கண்டுபுட்ச்சவளுக்கு வெறகு எதுன்னு தெர்லியா?" நைனா போட்ட சத்தத்தில் சாமியாரே எழுந்து நின்றுவிட்டார். அக்கா தலை நிமிரவில்லை. ராட்டை மறுபடியும் சாக்குக்குள் போனது. நைனா அவளைக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்.

சரியான பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டு அன்று நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். ஒண்ட வந்த வீட்டின் பெண்ணைக் காட்டிக்கொடுத்துவிட்டு அந்த வீட்டிலேயே இருந்துவிட முடியாது என்பது பதினோரு வயதில் அவளுக்குத் தெரிந்திருந்தது. பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.