கடைசிக் கால் பகுதியில் மேப்ரி

பனிக்கட்டித் தொட்டியில் இடுப்புவரை அமிழ்ந்தபடி, பயிற்சி முடிந்த உடம்பு வலிக்கு, லான்ஸோ மேப்ரி வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியைத் தின்றுகொண்டிருப்பார். பக்கத்துத் தொட்டியில் இறங்குகிற இளவட்டங்கள் கால் பட்டதும் அலறுவார்கள். இவர் அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு விரலை நக்குவார். "கத்தாதடா. பனிக்கட்டிக்குக் காது கிடையாது."

வயது முப்பத்துமூன்று. அமெரிக்கக் கால்பந்தில் அது கிழட்டு வயது. அணிக்கே அவர் 'பெருசு'. லைன்பேக்கர் வேலை. முன்வரிசைத் தடியர்களுக்குப் பின்னால் நின்று, பந்து எந்தப் பக்கம் கிளம்பும் என்று மோப்பம் பிடித்து, மற்றவர்களை ஏவி, முடிவில் தானே பாய்ந்துபோய் முட்ட வேண்டும். பத்து வருஷம் முட்டியதில் கழுத்து தோளுக்குள் இறங்கிவிட்டது. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் தலை திரும்பாது. லாரி திரும்புகிற மாதிரி முழு ஆளும்தான் திரும்புவார்.

அலபாமாவில் கோழி ஆலை ஊர்க்காரர். கல்லூரி முடித்த வருஷம் எந்த அணியும் அவரைப் பொறுக்கி எடுக்கவில்லை. கூப்பிடாத விருந்துக்குப் போகிறவர் மாதிரி தானே போய் நின்றார். இரண்டு அணிகள் கழுத்தைப் பிடித்துத் தள்ளின. ஒஹையோவில் இருக்கிற இந்த அணிதான் வைத்துக்கொண்டது.

மனைவி ரொன்டா போனில் அடிக்கடி கேட்பார். "இன்னும் எத்தனை நாளைக்கு முட்டிக்கிட்டே இருக்கப் போற?"

"எதிர்ல ஆள் நிக்கிற வரைக்கும்."

"உனக்கு ஆளுக்கும் சுவத்துக்கும் வித்தியாசம் தெரியாதேய்யா!"

ஆகஸ்டு மாதக் கடைசியில், ஒத்திகை ஆட்டங்கள் முடிந்த கையோடு ஆள் கழிப்பார்கள். ஓர் ஆட்டத்துக்கு நான்கு கால் பகுதிகள்; கடைசி ஒத்திகையின் கடைசிக் கால் பகுதியில் இறக்கப்படுகிறவர்கள், வைப்பதா அனுப்புவதா என்று தராசில் கிடக்கிறவர்கள். இடம் உறுதியான பழைய ஆட்கள் அந்நேரம் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிப்பார்கள். மேப்ரியும் பல வருஷம் கொறித்தவர்தான். இந்த வருஷம் பயிற்சியாளர் ஹ்ரிப்கோ, புல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மேப்ரி, நீயும் போ."

"போறேன் கோச். அதை எதுக்குத் துக்கம் சொல்ற மாதிரி சொல்றீங்க?"

தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போனார். எதிரே கையூன்றிக் குனிந்திருந்த தடியனின் விரல்முட்டிகள் வெளுத்திருந்தன. பாரம் முழுக்கக் கையில் இருக்கிறது. அப்படியென்றால் முன்னால்தான் பாய்வான். பந்தை எறியப் போவதில்லை, தூக்கிக்கொண்டு ஓடப் போகிறார்கள்.

"ஓடப் போறாங்கடா! வலது, வலது!"

கத்தியபடியே சந்தில் புகுந்து, பந்தோடு வந்தவனை இடது தோளால் அடித்தார். வந்தவன் அதே இடத்தில் உட்கார்ந்தான். மேப்ரியின் தோளும் இடம் பெயர்ந்தது. கை அறுந்த கயிறு மாதிரி தொங்கியது.

அதைப் பார்த்தது டூப்ரீ ஒருவன்தான். மேப்ரியின் அணியில் அவருக்கு முன்வரிசையில் நின்று ஆடுகிற பெருவயிற்றுக்காரன். அவனும் தராசில் கிடப்பவன்.

"பெருசு, படுத்துடு. அடிபட்டவனச் சும்மா தூக்கி எறிய முடியாது. வருஷம் பூரா உக்கார வச்சுச் சம்பளம் குடுத்தாகணும். படுன்னா படு!"

அவன் சொன்னதில் தப்பில்லை. படுத்தால் சம்பளம் நிச்சயம்; ஆனால் இந்த வருஷம் ஆட்டம் இல்லை. ஒரு வருஷம் உட்கார்ந்து எழுந்த கிழவனை அப்புறம் எவன் கூப்பிடுவான்? நின்றால் இடம் கிடைக்கலாம். காயத்தை மறைத்த பாவத்துக்கு நாளைக் காலையில் வெறுங்கையோடு வீட்டுக்கும் போகலாம்.

"படுத்துக்கிட்டுச் சம்பளம் வாங்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? வயித்த உள்ள இழுத்துட்டு உன் இடத்துல நில்லு."

"செத்துப் போவய்யா."

"உன் மேலயே விழுந்து சாவறேன். மெத்துன்னு இருக்கும்."

மைதான ஓரத்தில் மருத்துவ உதவியாளர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துப் பெட்டியைத் தூக்கினார். அவர் எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் மேப்ரி வெளியேறியே ஆகவேண்டும்; விதி அப்படி.

மேப்ரி இடது கட்டைவிரலைக் கால்சட்டையின் இடுப்புப் பட்டிக்குள் செருகி, தொங்கிய கையை ஆடாமல் பூட்டினார். வலது கையை வீசி, பக்கத்து ஆளை அரையடி தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு அடுத்த பாய்ச்சலுக்கு முழங்காலை மடித்துக் குனிந்தார்.