என் கருவி அடித்த சாவுமணி

எங்கள் மாதா கோயிலின் இணையதளத்தைச் சோதித்துத் தரும்படி கேட்டது சாமியார்தான். "எவனாவது உள்ள பூந்திருவானான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு மக்கா." முட்டம் கலங்கரை விளக்கம் தெரிகிற தூரத்தில் எங்கள் ஊர். சின்னச் சின்னச் சோதனைக் கருவிகள் எழுதுவது எனக்கு ஒரு பித்து. படம், பொத்தான் ஒன்றும் இருக்காது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் ஓடும். அன்று எழுதி முடித்த கருவி, தளத்தின் இணைப்புகளையெல்லாம் திறந்து பார்த்து, கடவுச்சொல் கேட்காதவற்றைப் பட்டியல் போடும். திறந்து பார்ப்பதில் என்ன கெட்டுவிடப் போகிறது என்ற தெனாவட்டு எனக்கு.

ஓடவிட்டுப் பாலில்லாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். கோயில் மணி அடித்தது. ஒன்று. நீண்ட இடைவெளி. மறுபடி ஒன்று.

எங்கள் கடற்கரையில் அந்த இடைவெளிக்கு ஒரே அர்த்தம், சாவு. வள்ளங்கள் கடலில் இருக்கும்போது அடித்தால் எல்லோரும் கரைக்குத்தான் ஓடுவார்கள். அண்ணன் விடியுமுன்னே கடலுக்குப் போயிருந்தான். மீன் அறுத்துக்கொண்டிருந்த அம்மா கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். இடுப்பு முறிந்து கட்டிலில் கிடந்த அப்பா, "ஆருக்கு ஏட்டி மணி?" என்று உள்ளிருந்து கேட்டார். நான் எழுந்தபோது திரை கண்ணில் பட்டது.

கடைசி வரி: சாவுமணி. திறந்தது. கடவுச்சொல் கேட்கவில்லை.

கோயிலில் மணிக்கு மோட்டார் வைத்து, ஃபோனிலிருந்தே அடிப்பது எனக்குத் தெரியும். அந்த இணைப்பைத் திறந்தாலே அடித்துவிடும் என்பது தெரியாது. கருவியை நிறுத்தினேன். மணி நிற்கவில்லை. அப்பாவுக்குப் பதில்கூடச் சொல்லாமல் ஓடினேன்.

கரையில் ஊரே நின்றது. "ஆருக்கு? ஆருக்கு?" என்று ஒருத்தியை ஒருத்தி பிடித்து உலுக்கினார்கள். யாரும் சாகவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். தொண்டை கிழியக் கத்தினேன். "ஆரும் சாவல்ல! எனக்க கம்ப்யூட்டர்ல இருந்து நான் அடிச்ச மணி!"

வாங்கிய வசவைச் சொல்லி மாளாது. திட்டித் தீர்த்துவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். அம்மா மட்டும் அசையவில்லை.

"எம்மா, அது நான் செய்த தப்பு."

"செரி. வள்ளம் வரட்டு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அடித்தது என் கருவிதான் என்று நன்றாகத் தெரிந்தும் எனக்கும் உள்ளே நடுங்கியது. கண்ணை எடுக்காமல் கடலையே பார்த்தேன்.

உச்சி வெயிலில் வள்ளம் வந்தது. அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் மணலில் இருப்பதைக் கண்ட அண்ணன், கரை தட்டும் முன்பே தண்ணீரில் குதித்தான். நெஞ்சளவு நீரில் தள்ளாடி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்பாவுக்கு என்னாச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவிடம் யாருமே ஒன்றும் சொல்லவில்லை. மூவரும் வீட்டுக்கு ஓடினோம்.

கட்டில் காலியாக இருந்தது. அப்பா தரையில் ஊர்ந்து ஊர்ந்து வாசற்படி வரை வந்து கிடந்தார். முழங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. எங்களுக்குப் பின்னால் அண்ணன் வந்ததை அவர் இன்னும் பார்க்கவில்லை. என்னைத்தான் கேட்டார்.

"ஆருக்கு ஏட்டி மணி?"