கல்யாணப் பத்திரிகைக்காக ஒரு கம்பெனி

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருக்கிறேன். மூத்த மகனுக்கு ராஜபாளையத்தில் பெண் பேசி முடித்தபோது, கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயருக்குக் கீழே 'டைரக்டர்' என்று போட ஆசைப்பட்டேன். அதற்காகவே நானும் அவனுமாக ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியைப் பதிவு செய்தோம். பந்தலுக்கு ஆனதைவிடச் செலவு குறைவுதான். கல்யாணம் முடிந்ததும் கம்பெனியை மறந்தே போனோம். வியாபாரம் பழையபடி கடைப் பெயரிலேயே நடந்தது.

இரண்டு வருடம் கழித்து கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. ஆடிட்டரிடம் ஓடினேன்.

"கம்பெனி பேர்ல யாவாரமே பண்ணலையே சார்!"

"பண்ணாட்டியும் வருசா வருசம் கணக்கு தாக்கல் பண்ணணும் அண்ணாச்சி. ஒவ்வொரு படிவத்துக்கும் தினம் நூறு ரூவா அபராதம் ஏறிக்கிட்டு இருக்கு. மூணு வருசம் விட்டிருந்தா, பொறவு அஞ்சு வருசத்துக்கு உங்க ரெண்டு பேரையும் எந்தக் கம்பெனியிலயும் டைரக்டரா இருக்க விடமாட்டாங்க."

நிலுவையைக் கட்டினேன். கம்பெனியை மூடவும் தனியாகக் கட்டினேன். பந்தல் செலவைப்போல் மூன்று மடங்கு ஆகிவிட்டது.

இப்போதெல்லாம் எதையும் பதிவு செய்யுமுன், வருடாவருடம் என்ன செலவு என்று கேட்டுவிடுகிறேன்.

போன மாதம் இளையவன் கல்யாணப் பத்திரிகையில் 'பால்கோவா வியாபாரம்' என்றே போடச் சொன்னேன்.

"மூத்தவருக்கு டைரக்டர்னு போட்டீங்களே?" என்றார் அச்சகத்துக்காரர்.

"அந்த ஒரு வார்த்தைக்கு அச்சுக்கூலி ரொம்ப ஆயிருச்சுய்யா" என்றேன்.