மூன்றாவது வெளியாள்

பந்தாட்டக் குழுச் செயலாளர் பொய் சொன்னார். ஐரோப்பாவில் ஆடிய திமிரில், சொந்த ஊர் அணியில் ஆட நான் மறுத்துவிட்டேன் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். அன்று அங்கே வராதவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

மாசி மாதம், சனிக்கிழமை காலை ஆறரை மணி. திருவனந்தபுரத்தில் பஸ் ஏறினேன். நாகர்கோவிலுக்கு நாற்பத்திரண்டு மைல், இரண்டு ரூபாய். நெய்யாற்றின்கரை தாண்டியதும் பக்கத்தில் இருந்த புகையிலை வியாபாரி, என் பையில் தொங்கிய பூட்சைப் பார்த்தார்.

"பட்டாளமா?"

"இல்ல அண்ணாச்சி. பந்து விளையாடுதேன். பிரான்சு, இத்தாலி, பெல்ஜியம்."

"சம்பளம் உண்டா?"

"உண்டு."

"கோல் போடலேன்னா?"

"அடுத்த ஊருக்குப் பெட்டியத் தூக்கணும்."

"அதுக்கு வாத்தியாரு வேலையே கொள்ளாம், சம்பளம் நிக்காது" என்று வெற்றிலையை மடித்தார்.

நாற்பத்தேழில் பம்பாயில் கப்பலேறியவன் நான். வேலை, அடுப்புக்குக் கரி அள்ளுவது. மார்செய் துறைமுகத்தில் மாலுமிகளோடு நான் ஆடியதைப் பார்த்து ஒரு கிளப் எடுத்துக்கொண்டது. பிறகு ஜெனோவா. பிறகு ஆண்ட்வெர்ப். அங்கே பயிற்சியாளர் சொன்னார்: வெளிநாட்டார் இரண்டு பேருக்குத்தான் இடம், நீ மூன்றாவது. ஒரு குளிர்காலம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கோபம் வந்தது. ஆனாலும் அவர் முகத்துக்கு நேரே சொன்னார். அது என் ஊரும் இல்லை.

பத்து மணிக்கு நாகர்கோவில். எங்கள் அணித் தலைவன் செல்லையா சைக்கிளோடு நின்றான். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஆடியவன். சுவரில் ஒட்டிய ஆட்ட நோட்டீசில் என் பெயர், அதற்கு மேலே 'வெளிநாட்டு வீரர்'.

"யாருலே அந்த வெளிநாட்டான்?" என்றேன்.

"சவத்த விடு. கூட்டம் வரணும்லா?"

ஆறு மைல் மாறி மாறி மிதித்துப் பூதப்பாண்டி தாண்டினோம். எங்கள் ஊரில், அறுவடையான வயலில் நெல்தாளைச் செதுக்கி மைதானமாக்கி, சுற்றிலும் ஓலைத் தட்டி கட்டியிருந்தார்கள். டிக்கெட் நாலணா. எதிரணி, செயலாளரின் ஊர்.

மூன்று மணிக்கு அவர் என்னைப் பந்தலுக்கு அழைத்தார்.

"வாரும். ஒரு டீமுக்கு ரெண்டு வெளியாளுதான் ஆடலாம். ஒங்க டீமுல மதுரைக்காரன் ஒருத்தன், கொல்லத்துக்காரன் ஒருத்தன் இருக்கானுவ. நீரு மூணாவது."

"இந்த வயல்ல நாத்து நட்டவ எங்கம்மை. நான் வெளியாளா?"

"எட்டு வருசமா நீரு இங்க இல்லியே வே. மேடையில இரும். மாலை போடுதோம்."

செல்லையா குறுக்கே வந்தான். "கொல்லத்துக்காரன நிறுத்திருதேன். இவன வெளியாளுன்னே வச்சுக்கிடும். ஆடு மக்கா, ஜெயிச்சுட்டுப் பேசலாம்."

"வெளியாளா ஆடி அலுத்துத்தாம்லே ஊருக்கு வந்தேன். இங்கயும் அப்படி ஆட மாட்டேன்."

மாலையும் வேண்டாம் என்று, மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே போய் நின்றேன். ஒலிபெருக்கி அந்தப் பொய்யை முழங்கியது. ஜனங்கள் கூவினார்கள். ஒரு மண்கட்டி என் தோளில் பட்டு உடைந்தது. எறிந்தவன் என் தெருக்காரன்.

ஒரு கோலில் தோற்றோம்.

"ஒரு வார்த்தைக்காக எங்களத் தோக்கடிச்சிட்டியேலே" என்றான் செல்லையா. சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். ஆறு மைலும் நடந்தேன். அவன் கோபம் நியாயம். இருந்தும் நாளைக்கே கூப்பிட்டாலும் வெளியாளாக ஆட மாட்டேன்.

செயலாளரே, நான் மறுத்தது உண்மை. எதை மறுத்தேன் என்பதை நீர் விழுங்கிவிட்டீர். அடுத்த ஆட்டத்தன்று அதே ஒலிபெருக்கியை எடும். நான் இந்த ஊருக்கு வெளியாள் என்றால், எந்த ஊர்க்காரன் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லும். நான் கயிற்றுக்கு வெளியேதான் நிற்பேன்.