நான் அடுக்கிய ஐந்து ஜாடிகள்

போன வருடம் ஓணம் கழிந்த இரண்டாவது சனிக்கிழமை, மாலை நான்கு மணி. இடம் கள்ளிக்காட்டில், நெய்யாறு நீர்த்தேக்கத்தைப் பார்த்திருக்கும் ஒரு விடுதி. அரிசியைப் புளிக்கவைத்துச் செய்யும் ஜப்பானிய மதுவான சாக்கேயை விருந்தினருக்குச் சுவைக்கக் கொடுக்கும் நிகழ்ச்சி. நடத்தியவள் என் மகள். ஜப்பானில் மூன்று வருடம் அந்தத் தொழிலைப் படித்தவள். அன்று நன்றாக நடந்தால்தான் வேலை என்று முதலாளி சொல்லியிருந்தார். பாறசாலையிலிருந்து துணைக்கு நானும் பஸ்ஸில் போயிருந்தேன்.

மேசையில் ஐந்து வெள்ளைப் பீங்கான் ஜாடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு வகை சாக்கே. குட்டை, நெட்டை, மறுபடி குட்டை என்று நின்றன. அவள் மீன் வறுவல் எடுக்க அடுக்களைக்குப் போனதும் என் கை சும்மா இருக்கவில்லை. உயர வாரியாக அடுக்கி, இடைவெளியையும் சமமாக்கினேன்.

திரும்பி வந்தவள் தட்டோடு நின்றுவிட்டாள்.

"அப்பா, இத ஆரு மாத்தினது?"

"நான்தான் மக்கா. கோணலா இருந்துது."

"வச்ச வரிசைதான் எனக்க கணக்கு. இப்ப எது எதுன்னு எப்பிடித் தெரியும்?"

ஐந்து வகையும் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தன. மென்மையானதில் தொடங்கிக் கனமானதில் முடிக்க வேண்டுமாம். முறை மாறினால் பின்னால் வருவதன் ருசி தெரியாதாம். புட்டியைப் பார்த்துச் சரிசெய்யவும் வழியில்லை; எல்லாம் சின்னப் புட்டிகள், மிச்சமில்லாமல் ஜாடிகளில் ஊற்றியாகிவிட்டது. அதற்குள் எட்டு விருந்தினரோடு முதலாளி வந்துவிட்டார்.

"தப்பு எனக்கதாக்கும்," என்று அவரிடம் ஆரம்பித்தேன்.

"அப்பா, கொஞ்சம் மிண்டாம நில்லுங்க," என்றாள் மகள்.

நடந்ததை மறைக்காமல் விருந்தினரிடம் சொன்னாள். பிறகு ஒவ்வொரு ஜாடியிலிருந்தும் ஒரு துளி ஊற்றி, முகர்ந்து, நாக்கில் வைத்தாள். மூன்று சட்டென்று இடம் பிடித்தன. மிச்சம் இரண்டில் தயங்கினாள். கண்ணை மூடி மறுபடி முகர்ந்தாள்.

"மட்டி வாழப்பழ மணம் உண்டு. இதாக்கும் ரெண்டாவது."

ஜப்பானில் பல வருடம் இருந்த விருந்தினர் ஒருவர் ஐந்தையும் வரிசையாகச் சுவைத்துவிட்டு, ஒன்றுகூடத் தப்பவில்லை என்றார். முதலாளி சிரித்துவிட்டார்.

"மோளே, அடுத்த மாசமும் நீதான். அச்சனையும் கொண்டு வா. பக்ஷே கையக் கெட்டிப்போட்டு!"

எல்லாரும் போன பிறகு அந்த இரண்டாவதில் ஒரு சின்னக் கிண்ணம் எனக்கும் ஊற்றிக் கொடுத்தாள். வாழ்க்கையில் முதல் மது. குளிர்ந்து, லேசான இனிப்போடு இறங்கியது. ஆமாம், மட்டிப்பழம்தான்.

அதுவரை சொந்தக்காரர்கள் கேட்டால், ஏதோ ஓட்டல் படிப்பு என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். இப்போது என் மகள் செய்யும் வேலை என்னவென்று, யாரும் கேட்காமலே முழுசாகச் சொல்கிறேன்.